துண்டுக் கணக்கு

மஞ்சள் வியாபாரத்தில் செங்கோடனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மஞ்சள் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குகிறவன் தன் தோள் துண்டை எடுத்து விற்கிறவன் கைமேல் போடுவான். உள்ளே விரலைப் பிடித்துப் பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் செங்கோடன் விலையை விசாரிக்கவே மாட்டான். துண்டுகளைப் பார்ப்பான். நிறைய விழுந்தால் சரக்குக்குக் கிராக்கி, விலை ஏறும். விழாவிட்டால் எவன் என்ன விலை சொன்னாலும் வெறும் பேச்சு. இந்தக் கணக்கு அவனைப் பல வருஷம் காப்பாற்றியது என்னவோ நிஜம்தான்.

அந்த மாசியில் அவன் வண்டியில் வந்தது தங்கை சௌந்திரத்தின் மஞ்சள். ஜேடர்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் பயிர்வைத்துப் பாடுபட்ட காடு கொழுந்தன் பேரில் இருந்தது; விற்கப்போகிறேன் என்று நின்றான். சித்திரை பிறப்பதற்குள் பணத்தை வைத்தால் அவளுக்கே எழுதித் தருவதாகப் பேச்சு. இல்லையென்றால் காட்டைவிட்டு இறங்கவேண்டியதுதான். அவளிடம் இருந்ததெல்லாம் இந்த மஞ்சள்தான்.

“நீங்க பாத்து வித்தாச் சரிங்கண்ணா,” என்று ஏற்றி அனுப்பியிருந்தாள்.

தரகர் செல்லமுத்து வாங்குகிறவர் சார்பில் துண்டைப் போட்டு விரலை அழுத்தினார். போன சந்தையைவிடச் சற்றுக் குறைச்சல். ஆனாலும் காட்டை மீட்கப் போதும். செங்கோடன் நிமிர்ந்து பார்த்தான். அடேயப்பா! திரும்பின பக்கமெல்லாம் துண்டு. இத்தனை சரக்கு கைமாறுகிறபோது விலை மட்டும் இறங்குமா? யாரிடம் காட்டுகிறார் வித்தையை! கையை உருவிக்கொண்டான்.

“அடுத்த சந்தைக்குப் பாத்துக்கலாமுங்க.”

“வேண்டாமுங்க, சொன்னாக் கேளுங்க. குடுத்துட்டுப் போங்க,” என்றார் தரகர்.

செங்கோடன் சிரித்துக்கொண்டே மூட்டைகளைக் கிடங்கில் போட்டான்.

அடுத்த சந்தையில் ஒரு துண்டுகூட விழவில்லை. பம்பாயில் மஞ்சளைக் கேட்பாரில்லையாம். தகவல் முன்கூட்டியே தெரிந்தவர்கள் போன சந்தையிலேயே தள்ளிவிட்டார்களாம்.

“அன்னைக்குத் துண்டு போட்டது ஆருன்னு பாத்தீங்களா?” என்றார் செல்லமுத்து. “விக்கறவங்களே அவங்கவங்க துண்ட எடுத்துப் போட்டு, வந்த வெலைக்குக் குடுத்துட்டுப் போனாங்க. நாஞ் சொன்னா நீங்க எங்க கேட்டீங்க?”

விற்கிறவன் துண்டு போட்டால் அவனுக்குக் கழுத்தில் கத்தி என்று மண்டியில் சின்னப் பையனுக்கும் தெரியும். எத்தனை துண்டு என்று பார்த்த மகராசன், யார் துண்டு என்று பார்க்கவில்லையே! கண் அவிந்தா போயிற்று? இன்னும் வைத்திருந்தால் கிடைக்கிற விலையும் கிடைக்காது. மஞ்சள் பாதி விலைக்குப் போயிற்று.

அவன் ஜேடர்பாளையம் போய்ச் சேர்ந்தபோது சௌந்திரம் காட்டில் ராகிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்கண்ணா. நல்ல வெலைக்குப் போச்சுங்களா?”

வழியெல்லாம் சேர்த்துவைத்த சமாதானங்களை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னான்.

“ஏமாந்துட்டேன் அம்மிணி. பாதிக்குத்தான் போச்சு. உன்ற காட்ட நானே தொலைச்சுப்போட்டேன்.”

அவள் திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. குனிந்து அடுத்த பாத்திக்கு மடையைத் திறந்தாள்.

“இனி எதுக்கு அம்மிணி? உட்ரு.”

“ஆரு அறுத்தா என்னங்கண்ணா? பயிரு வாடுதுல்லொ,” என்றாள்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். செங்கோடன் மண்வெட்டியை எடுத்து, மீதிப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டினான்.