213-க்கு அடுத்து

காலையிலிருந்து அவள் ஒரே பட்டியலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு சரக்குக் கிடங்கின் ஆட்கள், எண் வாரியாக. மூன்று மாதமாக அவள் எழுதிய வலைச் செயலி அது. விவரங்களை வைத்துக்கொள்ள மாடல், திரையில் காட்ட வியூ, வருகிற உத்தரவை ஏற்பதா மறுப்பதா என்று பார்க்கக் கன்ட்ரோலர். மூன்றையும் தனித்தனியாகக் கட்டியிருந்தாள். கன்ட்ரோலரில் மட்டும் ஒரு குறை. பெயரை நீக்கச் சொல்கிறவர் யார் என்று அது கேட்பதில்லை. மூட்டை தூக்குகிறவர்களின் திரையில் 'நீக்கு' பட்டன் தெரியாது, அவ்வளவுதான் காவல். அவள் சொன்னபோது, கண்ணில் படாத பட்டனை யார் அழுத்தப் போகிறார்கள் என்று டீம் லீடர் சிரித்தார்.

அந்தக் கிடங்கில்தான் அவள் தம்பி மூட்டை தூக்கினான். எண் 214. முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் லீவு கேட்டான். மூன்றாம் நாள் கேட்டில் அவன் அட்டை வேலை செய்யவில்லை. லிஸ்ட்டில் பேர் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்றார் சூப்பர்வைசர்.

"நீ செஞ்ச லிஸ்ட்டுலதான் நான் இல்லையாம்க்கா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஒன்பது நாளாக அவன் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

இன்று கிடங்கு முதலாளியும் சூப்பர்வைசரும் செயலியைப் பார்க்க வந்திருந்தார்கள். சூப்பர்வைசர் பிஸ்கட்டை டீயில் நனைத்து நனைத்துத் தின்றார். லோடு ஆட்கள் எவனாவது உள்ளே புகுந்து எதையாவது மாற்றிவிட முடியுமா என்று முதலாளி கேட்டார். வாய்ப்பே இல்லை என்றார் லீடர்.

"ஒரு தடவ பாத்துடலாமே சார்," என்றாள்.

சோதனைக்கென்று வைத்திருந்த, 213-ஆம் எண் லோடு ஆளின் கணக்கில் நுழைந்தாள். பட்டன் இல்லை. பிரவுசரின் மேலே இணைய முகவரி இருக்கும் இடத்தில், 'நீக்கு' பட்டன் அனுப்பும் முகவரியைத் தானே தட்டி, கடைசியில் 3 என்று சேர்த்தாள். சூப்பர்வைசரின் எண். அவர் வாயில் இருந்ததை விழுங்கும்வரை காத்திருந்தாள். பிறகு என்டரை அழுத்தினாள்.

சுவரில் இருந்த பெரிய திரையில் மூன்றாவது வரி மறைந்தது.

"என்னம்மா, என் பேரக் காணோம்?"

"லிஸ்ட்டுல பேர் இல்லாதவங்களுக்கு வேலை இல்லையாமே சார். உங்க கேட்டுல சொன்னாங்க."

ஒன்பது நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

காலையில் எடுத்த பிரதியிலிருந்து லீடர் அந்த வரியைத் திரும்பக் கொண்டுவர நான்கு நிமிடம் ஆனது. 214-ஐயும் பழைய பிரதியிலிருந்து அப்படியே எடுத்துவிடலாமா என்று அவள் முதலாளியிடம் கேட்டாள். அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார்.

"இது கோளாறும்மா. அது முடிவு," என்றார் முதலாளி. ஓட்டையை நேரத்தோடு கண்டுபிடித்ததற்காக அவளைப் பாராட்டவும் செய்தார்.

மதியத்துக்குள் அடைத்துவிடச் சொன்னார்கள். கன்ட்ரோலரில் இரண்டு வரிதான். எழுதி முடித்து மறுபடியும் 213-ஆக நுழைந்து அதே முகவரியைத் தட்டினாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பில் வந்தது. பட்டியலுக்குத் திரும்பினாள். மூன்றாவது வரியில் அவர் இருந்தார். கீழே நகர்த்திக்கொண்டே போனாள். 212. 213. 215.