சவ ஊர்திக்குப் பின்னால் ஒரு கூட்ஸி

தெர்விஸ் நாற்பத்து மூன்றாவது தடவையாக உதைத்தபோது அவருடைய கறுப்புக் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. சிவப்பு கூட்ஸி மோட்டார் பைக் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. முன்னறையில் வண்டியின் சொந்தக்காரர் லெயார்கோ, நீலக் கோட்டு போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருந்தார். சவ ஊர்தி பத்து மணிக்கு. இப்போது ஒன்பதே கால்.

எங்கள் ஊரில் மோட்டார் பைக்காரன் செத்தால், அவனுடைய வண்டி சவ ஊர்திக்குப் பின்னால் சொந்த எஞ்சினில் போயாக வேண்டும். தள்ளிக்கொண்டு போனால் பேரன் காலம்வரை மதுக்கடையில் சிரிப்பார்கள்.

"உதைக்கறதுக்கு முன்னாடி அதுகிட்ட நாலு வார்த்தை பேசணும்ப்பா" என்றார் அர்மோதியோ. தெர்விஸைப் போல அவரும் லெயார்கோவின் சிநேகிதர்; முடிதிருத்தும் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனரையும் சீப்பு மாதிரிதான் பிடிப்பார்.

"நீ வேணா சவரம் பண்ணிப் பாரேன். வெக்கப்பட்டுக் கிளம்பும்."

லெயார்கோவின் மனைவி நிவேஸ் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் காபிப் பாத்திரம் முனக ஆரம்பித்திருந்தது.

ஐம்பத்திரண்டு வருஷத்தில் அந்தச் சமையலறை பார்த்த எஞ்சின்களை வரிசையாக வைத்தால் ரிமினி கடற்கரை வரை போகும். குளிர்காலம் வந்தால் லெயார்கோ எஞ்சின் கூட்டை ரொட்டி சுடும் அடுப்பில் வைத்துச் சூடாக்குவார். பதம் வந்ததும் பேரிங் டொக்கென்று தானாக விழும். ஒரு கிறிஸ்துமஸுக்கு அதே அடுப்பில் சுட்ட லசான்யாவில் கியர் ஆயில் வாசனை. பதினொரு விருந்தாளிகளும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்கள். சூப்பைக் கரண்டியில் எடுத்தவர் அப்படியே நிற்பார். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் எவனோ பைக்கில் போவான். "வால்வு இடைவெளி ஜாஸ்தி" என்பார். சூப் ஆறிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பின்னால் உட்கார்ந்து செர்வியா கடற்கரைக்குப் போவாள். அந்த எஞ்சினின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒரு முத்தம் கொடுத்து முடிக்கலாம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண் மங்கியது. லெயார்கோ வண்டியோடு பீச் பழத் தோப்புக்குள் போனார். சாய்ந்தது ஒரே மரம். மதுக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அது ஏழு மரமாகிவிட்டது. அந்த வாரம் அவர் மதியம் தூங்கும்போது நிவேஸ் மேக்னெட்டோ மூடியைத் திறந்தாள். உள்ளே தொட்டுத் தொட்டு விலகிப் பொறி கொடுக்கும் இரண்டு சின்ன பாயிண்டுகள். அவற்றின் நடுவே ரொட்டிப் பையின் பழுப்புத் தாளைக் கிழித்துச் செருகி மூடிவிட்டாள்.

அப்புறம் வண்டி கிளம்பவே இல்லை. லெயார்கோ ஒவ்வொரு சனிக்கிழமையும் கழற்றுவார், துடைப்பார், பூட்டுவார், உதைப்பார். "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்று கை கழுவ வருவார். காதாலேயே கோளாறு கண்டுபிடித்த மனுஷன். "லெயார்கோவுக்குக் கை போச்சு" என்று ரொட்டிக் கடையில் யாரோ சொன்னதை அவள் தன் காதால் கேட்டாள். அன்றைக்கே தாளை எடுத்திருக்கலாம். பீச் தோப்பு கண்முன் வந்தது, எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் பட்டறை முக்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தன் கைத்திறன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே போனாரோ என்பதுதான் இரண்டு நாளாக அவளைத் தின்றது.

"மேக்னெட்டோதான்" என்றார் தெர்விஸ் வெளியே. "மூடியைக் கழட்டிப் பாத்துடுவோம்."

நிவேஸ் முற்றத்துக்கு வந்துவிட்டாள். "முதல்ல காபி."

"நேரமில்ல, நிவேஸ்."

"பின்னாடி கிழிஞ்ச கால்சட்டையோட பாதிரியார் முன்னால நிக்கப் போறியா? உள்ள போய்க் கழட்டு. அர்மோதியோ, நீ ஊசியில நூல் கோத்துத் தை. வெட்டத்தான் தெரியும்னு சொல்லிடாத."

இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல் உள்ளே போனார்கள்.

அவள் மண்டியிட்டாள். கிளிப்பைத் தள்ளி மூடியைக் கழற்றினாள். பாயிண்டுகளுக்கு நடுவே தாள் இருந்தது. பழுப்புத் தாள் அல்ல. வழவழப்பான வெள்ளை அட்டை. பாயிண்டின் அகலத்துக்கே அளந்து வெட்டியது. மூலைகளைக்கூட வட்டமாக்கி வெட்டியிருந்தது. முரட்டுத் தாள் பாயிண்டைக் கீறிவிடும் என்பது அந்தச் சமையலறையில் நிலைக்கதவுக்குக்கூடத் தெரியும்.

உருவி எடுத்துத் திருப்பினாள். கண் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுத்த சீட்டு. லெயார்கோவின் பெயரில் பாதி தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரிந்தேதான் உதைத்திருக்கிறார்.

உள்ளிருந்து தெர்விஸின் குரல் கேட்டது: "துணியைத் தைடா, என்னைத் தைக்காத."

அட்டையைக் கறுப்புச் சட்டையின் கைமடிப்புக்குள் நுழைத்துக்கொண்டு மூடியைப் பூட்டினாள். முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

தெர்விஸ் பின்பக்கம் வெள்ளை நூல் தையலோடு வந்தார்.

"இப்ப உதை" என்றாள்.

முதல் உதையிலேயே கூட்ஸி கிளம்பியது. கூரைப் புறாக்களெல்லாம் பக்கத்து ஊருக்கே போய்விட்டன.

"என்ன பண்ணின?"

"திட்டினேன்."

"நானும்தான் காலையிலேருந்து திட்டறேன்."

"உன் திட்டு அதுக்குப் பழக்கமில்ல."

பெட்டியை ஊர்தியில் ஏற்றினார்கள். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "பத்து ஆச்சும்மா. கிளம்பலாமா?"

நிவேஸ் வண்டிமேல் கை வைத்து நின்றாள்.

"எஞ்சின் சூடாகட்டும்" என்றாள். "குளிர்ந்த எஞ்சினை எடுக்கக் கூடாது."

ஜூலை மாதம். முற்றத்துக் கல்லில் முட்டை பொரிக்கலாம். தெர்விஸ் வாய் திறக்கப் போனார். அர்மோதியோ அவர் முழங்கையைத் தொட்டார். இருவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டு நிழலில் போய் நின்றார்.

ஊர்தியின் பின்னால் தொங்கிய மலர்வளையத்தின் நாடா, எஞ்சினின் ஒவ்வொரு துடிப்புக்கும் லேசாக அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது.