சிறுமணி ஏலம்

அசரியா சைக்கிளிலிருந்து இறக்கிய மூட்டை, காலையில் கொண்டுபோன விதைநெல் மூட்டையைவிடச் சிறுத்திருந்தது. ஞானமணி அவிழ்த்துப் பார்த்தாள். அரிசி.

"மில்லுல போட்டுட்டீங்களா?"

"இன்னா பண்றது? விதை விக்கணும்னா லைசென்ஸ் வேணுமாம், புதுச் சட்டம். சொசைட்டியில சொல்லிக்கினாங்க. ஏலமும் விக்கிறதுதானே? சபைக்கு நான் டிரெஷரரு. நாளைக்கு என்னைத்தான் இழுப்பான். அரிசின்னா எவனும் கேக்கமாட்டான்."

அந்தக் கிறிஸ்தவச் சபையில் அறுப்புப் பண்டிகைக்கு வீட்டின் விதைநெல் முழுவதும் பீடத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். அவரவர் நெல்லை அவரவரே கேட்டு வாங்கி, அதைத்தான் விதைப்பார்கள். அடுத்தவர் நெல்லை யாரும் போட்டிக்கு ஏற்றிக் கேட்பதில்லை. வீட்டில் ஒரு பிடி ஒதுக்கினாலும் சாபம் என்பார்கள். ஞானமணி ஒதுக்கியதேயில்லை. சொசைட்டி, தான் கொடுக்கும் நெல்லைப் போட்டால்தான் கடன் என்றதும் மற்ற வீடுகள் அதற்கு மாறிவிட்டன. சிறுமணி நெல் அவளுடைய கிணற்றோர நிலத்துண்டில் மட்டும் மிஞ்சியிருந்தது.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"தவுடு எங்க?"

"மில்காரனே எடுத்துக்கினான்."

அதற்கும் தலையசைத்தாள்.

மறுநாள் பண்டிகை. கோயில் வாசலில் சபைக்காரன் ஞானசிங் வழிமறித்தான். "அண்ணே, அந்தச் சட்டம் கடைக்காரனுக்கு! நம்ம ஏலத்துக்கு இல்லியாம், திருப்பதி விவசாய ஆபீசுல கேட்டுக்கினு வந்தேன். நீ இன்னா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி அரிசி மூட்டையோட நிக்கிறே?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அசரியாவும் சிரித்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும், யார்மேல் கோபப்படுவது என்று அவள் யோசித்தாள். சட்டம் போட்டவர்கள் முகமில்லாமல் இருந்தார்கள். கணவன் முகத்தில் பயம் மட்டும் இருந்தது. ஒரு பிடி எடுத்து வைக்காத தன் கை மடியில் கிடந்தது, வேறு யாருடையதோ போல. ஆராதனை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏலத்தில் கூவினார்கள்: "சிறுமணி அரிசி! ஞானமணியம்மா, நீங்க கேக்கலியா?"

இல்லை என்று தலையாட்டினாள். அடுத்தவர் மூட்டை என்று வேறு யாரும் கேட்கவில்லை. கடைசியில் டீச்சர் கிரேஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மூட்டை அவள் பக்கம் போயிற்று.

வெளியே வரும்போது கிரேஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அக்கா, இதுக்குத் தண்ணி எவ்ளோ வைக்கணும்?"

"புது அரிசி. கொஞ்சம் கம்மியா வை," என்றாள் ஞானமணி. "குழைஞ்சிடும்."