பத்து நிமிடம் திறந்திருந்த பழத்தட்டுகள்

என் அக்காவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. மேசையைத் துடைப்பாள், துடைத்த துணியைத் துவைப்பாள், துவைத்த வாளியைத் தேய்ப்பாள். அவள் நடத்தும் அலுவலக கேன்டீனில் சாப்பிட்டுத்தான் ஒன்பது பேர் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். ஒன்பது பேரின் மாதிரியிலும் லிஸ்டீரியா என்ற ஒரே கிருமி. எல்லோரும் தேறி வீடு திரும்பிவிட்டார்கள். கேன்டீனுக்குத்தான் பூட்டு.

"திங்கக்கிழமைக்குள்ள கிருமி எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும். இல்லைன்னா லைசென்ஸ் ரத்து" என்று சுகாதார அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

கிருமி தேடுவது என் பிழைப்பு. உணவில் வளரும் பாக்டீரியாக்களோடு பதினோரு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அவற்றில் லிஸ்டீரியா ஒரு பலே கில்லாடி. மற்றவை குளிரில் சுருண்டு படுத்தால், இது ஃபிரிட்ஜுக்குள் சாவகாசமாகப் பெருகும்.

செவ்வாய்க்கிழமை காலை பஞ்சுக் குச்சிகளோடு போய் நின்றால் சமையலறை பளபளக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதையும் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நாலு பேர் பார்க்க வர்ற இடத்தை எப்படிடி கழுவாம விடறது? என் மானம் போகாதா?"

"தடயம் போயிடுச்சேக்கா!"

வெட்டும் பலகை, கத்தி, ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர், தரை நடுவே தண்ணீர் வடியும் துளை என்று நாற்பது இடங்களில் குச்சியை ஓட்டினேன். ஆய்வகத்தில் குச்சிகளுக்கு எண் போட்டு முடிவைப் படிக்கும் வேலையை என் சக ஆய்வாளர் பிடுங்கிக்கொண்டார். தன் சாப்பாட்டு டப்பாவையே முகர்ந்து பார்த்துத் திறக்கும் மனிதர் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சந்தேகம்.

"உங்க அக்கா விஷயம். பாசம் கண்ணை மறைச்சிடும்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

வியாழக்கிழமை காலை முடிவு வந்தது. முப்பத்தொன்பது சுத்தம். வடிகால் துளையில் மட்டும் லிஸ்டீரியா. உள்ளே சளிப் படலமாக ஒட்டிக்கொண்டு, அக்காவின் அத்தனை கழுவலுக்கும் டிமிக்கி கொடுத்திருக்கிறது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"உட்காருங்க. வடிகால்ல யாரும் சாப்பிடலை. அது எப்படி மேல ஏறி வந்துச்சு? அதைச் சொல்லுங்க" என்றார் சந்தேகம்.

மதியம் அக்காவிடம் ஓடினேன்.

"தினமும் என்ன செய்வியோ அப்படியே செஞ்சு காட்டு. ஒண்ணு கூட மாத்தாதே."

நாங்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டோம். அக்கா செய்துகாட்டினாள். நான்கு மணிக்கு மறுநாளுக்கான பழங்களை வெட்டித் தட்டுகளில் பரப்பி, வடிகாலுக்குப் பக்கத்து அலமாரியில் வைப்பாளாம். வெறும் தட்டுகளை அடுக்கினாள். மூடிகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"உடனே மூட மாட்டியா?"

"ஈர மூடியைப் போடவா? காய பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள தரையைக் கழுவிடுவேன். அப்புறம் மூடி, காலை வரைக்கும் ஃபிரிட்ஜ்ல வெச்சிடுவேன்."

ஹோஸ் பைப்பை எடுத்து, முழு வேகத்தில் நேராக வடிகாலுக்குள் பீய்ச்சினாள். சாரல் புகைபோல எழும்பி அலமாரித் தட்டுகள்மேல் இறங்கியது.

"நிறுத்து! நிறுத்துக்கா!" என்று கத்தினேன். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைப் பைக்குள்ளிருந்து எடுத்து, அலமாரியில் வரிசையாகத் திறந்து வைத்தேன். "இப்ப மறுபடி அடி!"

சனிக்கிழமை விடியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தேகம் இன்குபேட்டரைத் திறந்தார். ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். நீலப்பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெண்ணிற வளையம். பன்னிரண்டு தட்டுகளில் பதினொன்றில் லிஸ்டீரியாவின் அந்த அடையாளம். வடிகால் கிருமியும் நோயாளிகளின் கிருமியும் ஒரே வகை என்ற மரபணுச் சோதனை முடிவும் அவர் மேசையில் தயாராக இருந்தது.

"எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை! நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. இதை அக்காவிடம் நான்தானே சொல்ல வேண்டும்?

சொன்னேன்.

"அப்போ நான் கழுவாம இருந்திருந்தா?"

"அந்த நேரத்துல, அந்த வேகத்துல கழுவாம இருந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அதிகாரி அறிக்கையை இரண்டு முறை படித்தார். வடிகாலை மாற்ற வேண்டும், வேகமாகப் பீய்ச்சும் ஹோஸ் கூடாது, பழத்தை மூடாமல் வைக்கக் கூடாது. இந்த மூன்றும் முடிந்தால் திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். தலைகால் புரியாமல் ஓடினேன்.

அக்கா போனில் இருந்தாள். கையில் அந்த ஒன்பது பேரின் போன் எண்கள் எழுதிய காகிதம். ஏழின் மேல் கோடு கிழித்திருந்தாள்.

"கேன்டீன்லேருந்து பேசறேன். உங்க வயித்தைக் கெடுத்தது வேற யாரும் இல்லை, நான்தான். எப்படின்னு சொல்றேன், கேளுங்க."

ஒன்பதாவது எண்ணிலும் கோடு கிழித்த பிறகே என் பக்கம் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மத்த எட்டு பேரும் எப்ப திறப்பீங்கன்னு கேட்டாங்கடி. நான் என்ன சொல்லட்டும்?"