போய்ச் சேராத புது வண்டி

1

இந்தக் கதை ஒரு இழுவை லாரியின் முதுகில் ஏறித்தான் என்னிடம் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, குடியிருப்பின் பின்புறத்தில் இருக்கும் கம்பியில் கம்பளத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். லாரி வந்து நின்றது. அதன் மேல் மூன்றாம் மாடி வலேரின் சாம்பல்நிறப் புது கார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை. வண்டியைச் சங்கிலி போட்டு இறக்கும்போது தரைத்தள ஜேலு ஜன்னலிலிருந்து கத்தினார்:

"ஏம்ப்பா வலேர், நீ வண்டி வாங்கினியா, இல்ல வண்டிக்கு ஒரு வண்டி வாங்கினியா? எப்பப் பாத்தாலும் இன்னொருத்தன் முதுகுலயே சவாரி போகுதே!"

எல்லோரும் சிரித்தோம். வலேரும் சிரித்தார். அவர் மனைவி ஸ்மராந்தா மட்டும் கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். பயணம் கெட்டுப்போன வருத்தத்தை அந்த முகத்தில் தேடினேன். இல்லை. அங்கே இருந்தது நிம்மதி.

ஆசையாக வாங்கிய வண்டி மறுபடியும் பழுதாகித் திரும்பி வருகிறது, ஒரு பெண் நிம்மதியாக மூச்சு விடுகிறாள். ஏன்? அந்தக் கேள்வியோடுதான் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

2

இதை எப்படி எழுதத் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு வாரம் போயிற்று. முதலில் எழுதியது இது:

"வலேர் தன் அறுபத்து நான்காவது வயதில் முதன்முறையாக ஒரு புது வண்டியின் சாவியை—"

விட்டுவிட்டேன். வண்டி விளம்பரம் போல இருந்தது. அடுத்தது:

"ருக்சாந்திரா வீட்டை விட்டுப் போன அன்று மேதியாஷ் நகரத்தில் பனி—"

இதையும் விட்டேன். அன்று எங்கள் ஊரில் பனி பெய்யவில்லை. நல்ல வெயில். சோகத்துக்குப் பனி சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

ஜோடனை இல்லாமல் சொல்லிவிடுகிறேன். வலேருக்கும் ஸ்மராந்தாவுக்கும் ஒரே மகள் ருக்சாந்திரா. ஆறு வருடத்துக்கு முன் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக இத்தாலிக்குக் கிளம்பினாள். இங்கே நர்ஸ் படிப்பு முடித்தவள், அங்கே போய்க் கிழவிகளுக்குக் கால் கழுவுவதா என்று வலேர் குதித்தார். "இந்த வாசல தாண்டினா உனக்கு அப்பா கிடையாது" என்றார். அவள் தாண்டினாள். அவர் அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் வேனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொடுத்தது ஜேலு.

இப்போது அவளுக்கு அங்கே பாதோவா நகரத்தில் வீடு, கணவன், பிறந்து சில மாதமே ஆன பெண் குழந்தை. குழந்தையின் படம் ஸ்மராந்தாவின் போனுக்கு வந்த அன்று வலேர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு ஊருக்கு வெளியே இருந்த தோட்டத்தை விற்று வண்டி வாங்கினார். ஞானஸ்நானத்துக்குப் போக வேண்டும், மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

(விமானத்தில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஸ்மராந்தாவும் கேட்டாள். "அன்னிக்கு அவ பெட்டிய நான் தூக்கல. என் வண்டியிலேயே போய் அவ வீட்டு வாசல்ல இறங்கணும். அவ எங்க போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடணும்" என்றார்.)

3

வண்டி வந்த முதல் ஞாயிறு, பாதிரியார் வந்து ஆசீர்வதித்தார். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நான்கு கதவும், பின்பெட்டியும், முன்மூடியும் திறந்திருக்க வேண்டும். துளசிக் கொத்தைத் தீர்த்தத்தில் நனைத்து உள்ளே, வெளியே, எஞ்சின் மேல் எல்லாம் தெளிப்பார்.

"போதும் ஃபாதர், வண்டிக்கு நீச்சல் தெரியாது" என்றார் ஜேலு.

ஸ்மராந்தா அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முதலாகத் திறந்த எஞ்சினைப் பார்த்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே, கறுப்பு மூடிக்குப் பக்கத்தில், ஒரு கை நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தது. வெதுவெதுப்பான இடம். கோயிலில் பூசை முடிந்து கொடுத்த ஆசீர்வாத ரொட்டித் துண்டுகளைக் கைக்குட்டைத் துணியில் சின்னப் பையாகத் தைத்து அதில் வைத்தாள். வலேரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

நீண்ட தூரப் பயணம், மலைப்பாதை, லாரிகள். பயந்த ஒரு பெண் செய்யக்கூடியதைத்தான் செய்தாள்.

ஞானஸ்நானத்துக்குக் கிளம்பினார்கள். செபேஷ் ஊரைத் தாண்டியதும் எஞ்சின் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி இழுத்தது, திணறியது, நின்றது. வலேர் வண்டியோடு சர்வீஸ் நிலையத்துக்குப் போனார். ஸ்மராந்தா மட்டும் பக்கத்து நகரமான சிபியுவிலிருந்து விமானம் ஏறினாள்.

"நீ போ. வண்டி சரியானதும் நான் வந்து நிப்பேன்னு அவகிட்ட சொல்லு."

4

பாதோவாவில் நடந்ததை ஸ்மராந்தா எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து, ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது. நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்.

ருக்சாந்திரா குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டே கேட்டாளாம்: "வண்டி உண்மையாவே நின்னுடுச்சாம்மா?"

"ஆமாடி. பாவம், ரோட்டோரத்துல நின்னுக்கிட்டு அழாத குறை."

"அதக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்துச்சு."

"என்னடி சொல்ற?"

"நீ வா. எத்தன தடவ வேணும்னாலும் வா. அவர் வந்தா நான் கதவ தொறக்க மாட்டேன். கோவத்துல சொல்லலம்மா. கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. எனக்கு முடியல, அவ்வளவுதான்."

"அவர் மாறிட்டாருடி."

"இருக்கட்டும். அங்க மாறி இருக்கட்டும்."

ஸ்மராந்தா திரும்பி வந்தாள். வலேர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார். சவரம் செய்து, நல்ல கோட்டு போட்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"கண்ண வழி மேலயே வச்சிருக்கா" என்றாள் ஸ்மராந்தா.

* இந்த ஒரு பொய்யை நான் திருத்தப் பார்த்தேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னா" என்று மாற்றி எழுதினேன். அது நியாயமான பதில், நல்ல பதில். ஆனால் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் மனிதரிடம் ஸ்மராந்தா அதைச் சொல்ல மறுத்துவிட்டாள்.

5

சர்வீஸ் நிலையத்தில் வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். பழுது எதுவும் காட்டவில்லை. "எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது சார்" என்று சாவியைக் கொடுத்தார்கள். புது வண்டி வாங்கியவர்களுக்கு இதைவிடக் கொடுமையான வாக்கியம் கிடையாது. சண்டை போடவும் முடியாது, நம்பவும் முடியாது.

வலேர் அடுத்த பயணத்துக்கு நாள் குறித்தார். முந்தின நாள், அவர் டயரில் காற்றழுத்தம் பார்க்கப் போகுமுன், ஸ்மராந்தா முன்மூடியைத் திறந்தாள். பை ஓட்டையாகியிருந்தது. ரொட்டி பாதிதான் மீதி. சுற்றிலும் கறுப்புச் சீரகம் கொட்டினது போல எலிப்புழுக்கை. பக்கத்திலேயே ஒரு வயரின் மேல்தோல் உரிந்து செம்புக்கம்பி தெரிந்தது.

அவளுக்கு வண்டி தெரியாது. எலி தெரியும்.

பையைத் தைத்தாள். புது ரொட்டி வைத்தாள்.

இங்கேதான் நான் பல நாள் நின்றுவிட்டேன். இவளை எனக்குப் பிடிக்கும். என் அடுக்களையில் உட்கார்ந்து காப்பி குடிப்பவள். ஆகவே இப்படி எழுதிப் பார்த்தேன்: "வண்டிக்குக் கண் பட்டிருக்கிறது என்று நினைத்துத்தான் இன்னும் கொஞ்சம்—" இல்லை. அப்படியானால் வயரைப் பார்த்ததும் வலேரைக் கூப்பிட்டிருப்பாள்.

அப்புறம் இப்படி: "எலிகளுக்கு அவள் தெரிந்தே—" இதுவும் இல்லை. ஆசீர்வாத ரொட்டியின் துணுக்கு தரையில் விழுந்தால்கூடக் குனிந்து பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிறவள் அதை எலிக்கு வைப்பாளா?

(வைத்தாள். அவர் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வைத்தாள். அவர் போய்ச் சேரக் கூடாது என்றும் வைத்தாள். இரண்டையும் ஒரே துணியில் போட்டுத் தைத்தாள். இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் புரிந்திருக்காது.)

இரண்டாம் தடவை வண்டி தேவா நகரத்துக்கு அருகே நின்றது. மூன்றாம் தடவை ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. அன்றைக்குத்தான் நான் கம்பளம் அடித்துக்கொண்டிருந்தேன்.

சாலையில் நிற்கும் வரை வலேர் மகளிடம் போய்க்கொண்டிருக்கும் தகப்பன். போய்ச் சேர்ந்துவிட்டால், மூடிய கதவுக்கு முன்னால் நிற்கும் கிழவன். ஸ்மராந்தாவின் கணக்கு அவ்வளவுதான்.

6

அந்த முறை வலேர் சர்வீஸ் நிலையத்தை விட்டு நகரவில்லை. "இன்னிக்கு என்னன்னு தெரியாம நான் போக மாட்டேன். சாப்பாடு கட்டிட்டு வந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காஸ்மின் என்ற மெக்கானிக் வேறு வழியில்லாமல் கறுப்பு மூடியைக் கழற்றினான்.

"வலேர் சார், நீங்க எலி வளக்குறீங்களா?"

"என்னது?"

"குடும்பமே நடத்தியிருக்கு. மெத்தை, சாப்பாடு எல்லாம் இருக்கு. இங்க பாருங்க, யாரோ தச்சுக் குடுத்த மாதிரி…"

காஸ்மின் நீட்டிய பையை வலேர் வாங்கினார். ஓரத்தில் நீலநூல் தையல். அவருடைய சட்டைக் காலர்களிலெல்லாம் இருக்கும் அதே தையல். சட்டென்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பேரப்பிள்ளைங்க விளையாட்டா?" என்றான் காஸ்மின்.

"ஆமா" என்றார் வலேர். "விளையாட்டு."

வயரெல்லாம் மாற்றி, எலி புகாமல் கம்பிவலை அடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் பையை மேசையில் வைத்தார். ஸ்மராந்தா சூப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். இறக்கினவள் அப்படியே நின்றாள்.

"எலிக்கு எவ்வளவு பக்தி பாரு" என்றார்.

"வழியில ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்…"

"தெரியும்."

"வலேர், நான்…"

"தெரியும்னு சொன்னேன்ல. சூப்பு ஆறுது." ரொட்டியைப் பிட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழம கிளம்பலாம். இனிமே நிக்கவே நிக்காதுன்னு காஸ்மின் சத்தியம் பண்றான்."

* அவர் சொன்ன "தெரியும்" எதுவரை போகிறது? ரொட்டி வரைக்குமா, கதவு வரைக்குமா? எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயம்தான். எனக்குத் தெரியவில்லை.

7

முடிவுகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

என்னை வழக்கமாகப் படிப்பவர்களுக்கானது: மணி அடிக்கிறார்கள், ருக்சாந்திரா கதவைத் திறக்கிறாள், இடுப்பில் குழந்தை. குழந்தை தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுக்கிறது. எல்லோரும் அழுகிறார்கள். இதை எழுத எனக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. எழுதினேன். ருக்சாந்திராவின் வாயில் "அப்பா" என்ற சொல்லை வைத்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. "எனக்கு முடியல" என்றவளை முடியச் செய்வது என் வேலையா? கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: கதவு திறக்கவில்லை. வலேர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், மேல்வீட்டுக்காரர்கள் அவரைத் தாண்டி ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். இதையும் எழுதினேன். படித்துப் பார்த்தேன். இதைச் செய்ய எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

ஆகவே நடந்ததாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

8

வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். வண்டி செபேஷைத் தாண்டியது. தேவாவைத் தாண்டியது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. வலேர் முதலில் பாட்டுப் போட்டார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார். ஸ்மராந்தா மடியில் கேக் டப்பாவை வைத்துக்கொண்டு விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

ஹங்கேரி எல்லைக்கு வந்தார்கள். முன்பெல்லாம் மணிக்கணக்காக வரிசையில் நிற்போம், தாள் காட்டுவோம், பெட்டியைத் திறப்போம். இப்போது சோதனைக் கூண்டுகள் காலி. கேட்பாரில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத் தாண்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு காரியம் செய்தேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதி அடித்துவிட்ட வரியை இங்கேயே விட்டு வைக்கிறேன்:

[ஹங்கேரியச் சமவெளியில் கொஞ்ச தூரம் போனதும் வண்டி திணறியது—]

எலி இல்லை, ரொட்டி இல்லை. இனி இந்த வண்டியைப் பழுதாக்க என்னால் மட்டும்தான் முடியும். ஸ்மராந்தாவுக்காக அதைச் செய்யத் துணிந்தேன். ஆனால் வலேர் வண்டியை விட்டிறங்கி முன்மூடியைத் திறந்து நிற்பதை எழுத வேண்டியிருந்தது. சாலையோரத்தில், நல்ல கோட்டில், இன்னொரு முறை. எழுதவில்லை.

வண்டி ஓடுகிறது. இரண்டு பக்கமும் சூரியகாந்தி அறுத்த வயல்கள், கறுப்புத் தண்டுகள்.

"வலேர், கொஞ்சம் ஓரமா நிறுத்து" என்றாள் ஸ்மராந்தா.

"ஏன், ஏதாவது சத்தம் கேக்குதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். சிக்னல் போட்டார்.

அவள் பேசப்போவதை நான் எழுதத் தொடங்கினேன். "ருக்சாந்திரா என்கிட்ட ஒண்ணு சொல்லி அனுப்பினா, நான் உன்கிட்ட—" அதற்கு மேல் போகவில்லை. உள்ளதைச் சொல்லி வண்டியைத் திருப்பச் சொல்வாளா, இல்லை அவ்வளவையும் சொல்லிவிட்டு அப்படியே போகலாம் என்பாளா? இல்லை, கடைசி நொடியில் "பசிக்குது, கேக் சாப்பிடலாம்" என்று டப்பாவைத் திறந்துவிடுவாளா? இத்தனை நாள் கூடவே இருந்தும் என்னால் சொல்ல முடியவில்லை. இனி நீங்கள்தான் அவளுக்குச் சொல் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வலேருக்கு வலது காது சரியாகக் கேட்காது, அவள் உட்கார்ந்திருப்பதோ அந்தப் பக்கம். என்ன வார்த்தை கொடுத்தாலும் ஒரே தடவையில் அவர் காதில் விழும்படி கொடுங்கள். அதை இரண்டாம் தடவை சொல்ல அவளால் ஆகாது.