கம்பியின் மறுமுனை

விடிவதற்குள் எக்ஸ்சேஞ்சரின் இரண்டு பக்க மூடிகளையும் கழற்றிவிட வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் ஸ்பானர் சத்தத்துக்குப் பயந்து அன்று சூரியனே கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தது. ஒவ்வொரு நட்டும் பெற்ற தாயைப் பிரிவதுபோல போல்ட்டைக் கட்டிக்கொண்டு கிறீச்சிட்டது. கடைசி நட்டும் கழன்று மூடிகள் சங்கிலியில் தொங்கியபோது உள்ளேயிருந்து வந்த நெடியில் கூரைப் புறாக்கள் மொத்தமும் அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்தன. நாங்கள் குடிபெயர முடியாதவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

எக்ஸ்சேஞ்சர் என்றால் வேறொன்றுமில்லை. லாரி நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் இரும்பு உருளை. அதன் வயிற்றுக்குள் முனைக்கு முனை நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்களுக்குள் சுடுகிற அமிலம், அவற்றைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர். சண்டை போட்ட பங்காளிகள்போல இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம், முகத்தில் முழிக்கக் கூடாது. ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் அமிலம் தண்ணீரில் கலந்து, வெளியே அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவர் தொட்டிக்குப் போய்விடும். முந்தின வாரம் அப்படித்தான் போனது. தொட்டிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று பாசி வழித்துக்கொண்டிருந்த தண்ணியக்காவின் கால்கள் இரண்டும் வெந்து தோல் உரிந்துவிட்டது.

ஓட்டைக் குழாயைப் பிடிக்க ஒரு வைத்தியம் உண்டு. அமிலத்தை வடித்துக் கழுவிவிட்டு, தண்ணீர் இருந்த பக்கம் காற்றை ஏற்ற வேண்டும். மூடி கழன்ற முகத்தில் குழாய்களின் வாய்கள் தேனடைபோலத் தெரியும். அதன்மேல் சோப்பு நுரை தடவினால் எந்த வாய் குமிழி விடுகிறதோ, அதுதான் குற்றவாளி. அந்தத் திருப்பணிக்கு என் ஷேவிங் பிரஷ்ஷையே தானம் செய்திருந்தேன். உன் மூஞ்சிக்கு முன்னால் அந்த இரும்புக்குச் சவரமா என்று வீட்டுக்காரி கேட்டாள்.

குற்றவாளியின் இரண்டு வாயிலும் முளை அடித்து மூடவேண்டும். இரண்டும் ஒரே குழாயின் வாய்தான் என்று எப்படித் தெரியும்? இந்தப் பக்கமிருந்து நீளக் கம்பியை விடுவோம். அந்தப் பக்கம் நிற்பவன் அதைப் பிடித்து ஆட்டுவான். கை கொடுப்பது என்று அதற்கு எங்களுக்குள் பெயர். கை கொடுக்காமல் சுத்தியலைத் தூக்க மாட்டோம்.

முந்தின வாரம் தூக்கினோம். குழாய்களில் உப்புப் படிந்து கம்பி நுழையவில்லை. துலக்கிவிட்டு அடிக்கிறோம் என்றார் மேஸ்திரி. கடிகாரத்தைக் கையில் கட்டாமல் தொண்டையில் கட்டியிருந்த முதலாளி, எண்ணி அடிங்க என்று கத்தினார். ஆறாவது வரிசை, இடமிருந்து நாலாவது என்று இந்தப் பக்கமிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். அந்தப் பக்கம் நின்றவன் என் தங்கை புருஷன், ஊருக்கே நெட்டை. எதிரெதிரே நிற்கும்போது எங்கள் இடது அவனுக்கு வலது. அவசரத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை. நெட்டை தன் இடப்பக்கம் எண்ணி, நல்ல குழாயின் வாயில் முளையை அடித்தான். ஓட்டைக் குழாய் அவன் பக்கம் வாயைப் பிளந்துகொண்டே கிடந்தது. மெஷின் ஓடியது. அக்காவின் கால் வெந்தது.

இன்று பழைய முளைகளைப் பிடுங்கிவிட்டு நுரை தடவியதும் அந்தப் பழைய குழாய் மட்டுமா குமிழி விட்டது? முகம் முழுக்கப் பால் பொங்கியது. அத்தனை குழாயும் அரித்துப்போயிருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். குமிழிகளை அல்ல, நெட்டையை.

"தப்பா அடிச்சவன் நீதானே? கேட்டுக்கு வெளிய போ. மத்தவங்க எல்லாத்துலயும் முளையடிச்சு மூடுங்க. சாயங்காலம் ஓடணும்."

நெட்டை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தான். என் தங்கைக்கு நிறைமாதம். இங்கே விரட்டப்பட்டவனை இந்தத் தெருவில் எந்த ஆலையும் சேர்க்காது.

மேஸ்திரி நுரைக் கையைத் துடைத்தார். "கம்பி விடாம இனி ஒரு முளையும் அடிக்க மாட்டோங்க. இந்தக் குழாயெல்லாம் மாத்தணும். அவன் போனா நாங்களும் இல்ல."

"அதுக்கெல்லாம் நேரம் எங்கய்யா இருக்கு?"

"அக்கா காலு ஆறுற நேரத்துல பாதி போதுங்க."

முதலாளி அங்குமிங்கும் நடந்தார். நாங்களும் ஓரிடத்தில் நிற்க முடியாமல் நடந்தோம். சிமெண்டுத் தரை அன்றைக்கே ஒரு விரற்கடை தேய்ந்திருக்கும். வெளியாட்களைக் கூப்பிட்டு மூடிக்கொள்கிறேன் என்று அவர் போனை எடுத்தபோது, எங்கள் வெல்டர், தட்டில் கழற்றிப் போட்டிருந்த நட்டுகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சர் முன்னால் உட்கார்ந்தார். அடுத்து நான். பிறகு வரிசையாக எல்லோரும், ஆளுக்கொரு நட்டு. நட்டு இல்லாமல் மூடியை ஒட்டுவதற்கு இன்னும் பசை கண்டுபிடிக்கவில்லை.

"திருட்டுக் கேஸ் போடுவேன்."

"இங்கதாங்க இருக்கு, எங்கயும் போகல," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். முதலாளி போனைக் காதில் ஒட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்.

அப்போதுதான் தண்ணியக்கா தம்பியின் சைக்கிளில் வந்து இறங்கினார், கால் இரண்டிலும் கட்டு. சேதி எப்படியோ எட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற நெட்டையின் முழங்கையைப் பிடித்தபடி நொண்டி நொண்டி உள்ளே வந்தார். காவல்காரர் அந்த நேரம் பார்த்து வானத்தில் எதையோ தேடினார்.

"இவன் வேலையப் பிடுங்கினா என் தோலு வளந்துருமா?" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். பிறகு கையை நீட்டினார். "எனக்கொன்னு குடுங்கப்பா."

தட்டில் மிச்சமிருந்ததிலேயே பெரிய நட்டை மேஸ்திரி பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்.

சும்மா இருக்கத் தெரியாத கைகள். வெல்டர் எழுந்து ஒரு குழாயைத் தண்ணீர் அடித்துத் துலக்க ஆரம்பித்தார். ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் முதலாளியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. யாரிடம் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. போலீஸ் வரலாம், வெளியாட்கள் வரலாம். நெட்டையைக் காணோமே என்று திரும்பினேன். துலக்கிய குழாயின் வாயிலிருந்து ஈரத்தோடு ஒரு கம்பி நீண்டு வந்து, என் முகத்துக்கு நேரே நின்றது.

நட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்து ஆட்டினேன். அந்தப் பக்கமிருந்து அவன் ஆட்டிய ஆட்டில் என் தோள்பட்டையே கழன்றிருக்கும்.