பூமி புரண்ட மேடு

வியன்னாவில் நடக்கும் உலக நிலவியல் மாநாட்டுக்குப் பேராசிரியர் இராமலிங்கத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற செய்தி அரியலூருக்கு வந்த மூன்றாம் நாளே போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். 'பூமியைப் புரட்டிய புலியே, போய் வருக!' ஊரில் பலருக்கு வியன்னா எந்தப் பக்கம் என்று தெரியாது. புலிக்கே அட்லஸைப் பார்த்த பிறகுதான் நிச்சயமாயிற்று.

பூமியைப் புரட்டிய சமாச்சாரம் இதுதான். அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த இடம். தோண்டினால் கல்லாகிப்போன சங்கும் நத்தையும் கிடைக்கும். ஆழத்தில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. உலகம் முழுக்க இதுதான் முறை. ஆனால் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் இராமலிங்கம் கண்டது நேர்மாறு. ரோட்டுக்கு மண் எடுக்க யாரோ பக்கவாட்டில் வெட்டியிருந்த அந்த மேட்டில் பழைய நத்தை உச்சியிலும் புதிய நத்தை அடியிலும் இருந்தன. டேப் பிடித்து அளந்தார். பூமிக்குள் பெரும் புரட்டல் நடந்து அடுக்குகள் கவிழ்ந்துவிட்டன என்று பன்னிரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதினார். வியன்னாக்காரர்கள் அசந்துபோய் விமான டிக்கெட்டே அனுப்பிவிட்டார்கள்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது அய்யாக்கண்ணு வந்தான். கிணறு வெட்டுகிறவன், இராமலிங்கத்தின் வயதுதான், எட்டு வருஷமாகக் கல்லூரிக்குக் கல் பொறுக்கிக் கொடுப்பவன். போஸ்டரை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மேடுங்க சார் அது என்று விசாரித்தான். இராமலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இடத்தைச் சொன்னார். அய்யாக்கண்ணு தலையைச் சொறிந்தான்.

"அது மேடு இல்லீங்க சார். கெணத்து மண்ணு. நானும் எங்கண்ணனும் வெட்டிக் கொட்டுனது. பதினஞ்சு வருஷமாச்சு, முள்ளு மொளச்சுக் கெட்டிப்பட்டுக் கெடக்கு. மொத வெட்டுன மண்ணு அடியில போவும், கடைசியா வெட்டுனது மேல வரும். இதுல என்னங்க சார் அதிசயம்?"

ஒரு அதிசயமும் இல்லைதான். கிணறு இருபதடி தள்ளி முட்புதருக்குப் பின்னால் இருந்தது. அளக்கப் போன அன்று புதுப் பேன்ட்டை முள் கிழித்துவிடுமே என்று இராமலிங்கம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பூமியைப் புரட்டியது அய்யாக்கண்ணுவின் மண்வெட்டி.

அன்றைக்கே ஒரு தந்தி அடித்திருக்கலாம். ஆனால் உடையார்பாளையத்து மைத்துனர் எங்கேயோ அலைந்து ஒரு கம்பளிக் கோட்டு கொண்டுவந்திருந்தார். மனைவி உண்ணாமலை திருமானூர் வரைக்கும் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிரின்சிபால் தங்கசாமி, தன் தலைமையில்தான் பூமி புரண்டது என்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தார். இத்தனை பேரையும் எப்படி இறக்கிவிடுவது? அங்கே போய், மேடையிலேயே உண்மையைச் சொல்லிவிடுவதுதான் விஞ்ஞான தர்மம் என்று இராமலிங்கம் முடிவு செய்தார். தர்மத்துக்கும் ஒரு விமானப் பயணம் தேவைப்பட்டது.

வியன்னாவில் அவருக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். கோட்டுக்குள் வேர்க்க வேர்க்கப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார். எதிரே இருபது பேர். நாலு பேர் கண்ணை மூடி யோசித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தார்கள். கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். யாருக்கும் இல்லை. ஒரு நரைத்த தலை எழுந்து வந்து கையைக் குலுக்கி, மாநாட்டு மலரில் இந்தக் கட்டுரையைத்தான் முதலில் போடப்போகிறோம் என்றது. இராமலிங்கம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். தேங்க்யூ என்று வந்தது.

திரும்பி வந்ததும் பெரம்பலூரில் வணிகர்கள் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடைமேல் பொன்னாடையாகப் போர்த்தி, கோட்டிலேயே வேர்த்த மனிதரைக் கொதிக்கவைத்தார்கள். பேச எழுந்தபோது, கடைசி வரிசைக்குப் பின்னால் கதவோரம் அய்யாக்கண்ணு நிற்பது தெரிந்தது. இராமலிங்கம் எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பைக்குள் போட்டார்.

"என் கட்டுரை தப்பு," என்றார். "நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இந்த மரியாதைக்கு நான் தகுதி இல்லாதவன்."

தங்கசாமி பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்தார். எப்பேர்ப்பட்ட அடக்கம் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கூரை அதிரக் கை தட்டினார்கள். இன்னொரு பொன்னாடை வந்தது. இராமலிங்கம் உட்கார்ந்தார். மனசு லேசாகிவிட்டிருந்தது. சொல்லியும் ஆயிற்று, ஒன்றும் ஆகவுமில்லை. அப்படி லேசானதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

விழா முடிந்து அரியலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது அய்யாக்கண்ணு பக்கத்தில் வந்தான்.

"எல்லாரும் தட்டுனாங்க. நான் தட்டலீங்க சார். நீங்க நெசத்தத்தான சொன்னீங்க?"

"ஆமாம்ப்பா."

"அங்கயும் சொல்லிட்டீங்களா?"

பஸ் வந்து நின்றது. ஏறியிருந்தால் பதில் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

"இல்ல," என்றார் இராமலிங்கம்.

"அப்ப அவங்க இன்னமும் நம்பிக்கிட்டுல்ல இருப்பாங்க." அய்யாக்கண்ணு யாரையும் குற்றம் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்களுக்காக நிஜமாகவே கவலைப்பட்டான். "நாளைக்கு எவனாவது அதை நம்பி இம்புட்டுத் தூரம் வந்து நின்னான்னா, பாவம் சார்."

மறுநாள் காலை இராமலிங்கம் போஸ்டாபீஸில் வெளிநாட்டுக் கடிதத் தாள் ஒன்று வாங்கினார். 'ஒரு சிறு விளக்கம்' என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். அரைப் பக்கம் போனதும் நிறுத்தினார். அடுக்குகளின் இடப்பெயர்ச்சியில் மனிதத் தலையீட்டுக்கான சாத்தியம் என்று கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. கிழித்துப்போட்டு இன்னொரு தாள் வாங்கினார்.

இந்தத் தடவை மூன்றே வரிதான் வந்தது. என் கட்டுரை தவறு. நான் அளந்தது கிணறு வெட்டிக் கொட்டிய மண். வெட்டியவர் அய்யாக்கண்ணு, பயணத்துக்கு முன்பே என்னிடம் சொன்னார்.

'பயணத்துக்கு முன்பே' என்ற இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது. அதை மட்டும் எடுத்துவிட்டால் வெறும் தவறாகிப்போகும். யாருக்கும் வரக்கூடிய தவறு. கவுண்டர்காரர் ஒட்டியாச்சா சார் என்று கேட்டார். இராமலிங்கம் எதையும் அடிக்காமல், பெயருக்குக் கீழே பட்டம் எதுவும் போடாமல், மடித்து ஒட்டி நீட்டினார்.

"வியன்னாவா?" கவுண்டர்காரர் விலாசத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். "புலி சார்தானே நீங்க?"